சர்க்கரையும் சஞ்சலமும்

 

உடம்பில் நோய் வந்தால் உள்ளம் சோர்ந்துபோவதை நாம் அனைவரும் அறிவோம். அதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் பல்லாண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மருந்துண்டு வரும் குடும்பத் தலைவர் ஒருவர், மாதக் கணக்கில் யாரிடமும் பேசாமல், உண்ண விருப்பமின்றி, உறக்கமின்றி, தொழுகை விரிப்பில் நின்றும் மனம் ஒன்றாமல் தவிப்பாராயின், நம் வீடுகளில் அவரைப் பற்றி என்ன சொல்லப்படுகிறது? "ஈமான் குறைந்துவிட்டது" என்பர் சிலர். "கண்ணேறு பட்டிருக்கிறது, ஹஜ்ரத்திடம் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுங்கள்" என்பர் வேறு சிலர். "வேலை வெட்டி இல்லாதவருக்கு வரும் நினைப்பு" என்று ஒரே வாக்கில் முடித்துவிடுவோரும் உண்டு. இம்மூன்று சொற்களும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. நோயாளி மருத்துவரிடம் போகும் வழியில் குறுக்கே நிற்கின்றன.

மதரஸாவில் பாடம் நடத்துபவன் என்பதால் ஓதிய தண்ணீர் கேட்டு என்னிடமும் வருகிறார்கள். துஆச் செய்வது நம் கடமை. அதை நான் மறுப்பதில்லை. ஆனால் துஆவோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா என்பதே இம்மாதம் நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி. நான் கலைப் பட்டதாரி, மருத்துவன் அல்லன். ஆயினும் மருத்துவ உலகம் இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டு நடத்திய சில ஆராய்ச்சிகள், சர்க்கரையும் சஞ்சலமும் எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பதை எவரும் விளங்கிக்கொள்ளும் வகையில் காட்டியிருக்கின்றன. அவற்றை உங்கள்முன் வைக்கிறேன்.

பழைய கேள்விதான்

இது இன்று பிறந்த கேள்வியன்று. கி.பி. 934இல் மறைந்த பேரறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, 'மஸாலிஹுல் அப்தானி வல் அன்ஃபுஸ்' என்னும் நூலை இயற்றினார். 'உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் உரிய நலன்கள்' என்று அதன் பெயருக்குப் பொருள் கொள்ளலாம். மனிதன் உடலும் உள்ளமும் சேர்ந்தவன், ஒன்று நோயுற்றால் மற்றொன்றும் துன்புறும் என்பது அவர் கொள்கை. துயரத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்று, இழப்பு போன்ற அறியப்பட்ட காரணத்தால் வருவது. மற்றொன்று, காரணம் இன்னதென்று சொல்ல இயலாமல் வருவது. இந்த இரண்டாம் வகையின் வேர் உடலில், இரத்தத்தில் இருக்கிறது என்றும், அதற்கு உடல்வழி மருத்துவமும் வேண்டும் என்றும் அவர் கருதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் முன்னோரிடம் இந்தத் தெளிவு இருந்தது!

மேற்கே, 17ஆம் நூற்றாண்டின் ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ், நெடுநாள் துயரமே நீரிழிவுக்குக் காரணமாகலாம் என்று எழுதிவைத்தார். அக்காலத்தில் அதை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ வழியில்லை. இன்று எண்ணிக்கைகள் இருக்கின்றன. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டின்படி, மனச்சோர்வு நோய் உடையவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 60 விழுக்காடு அதிகம். நீரிழிவு உடையவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு 15 விழுக்காடு அதிகம். அதாவது இது இருவழிப் பாதை.

அப்படியானால் எது முதல்? மனமா, உடலா? கோழியா, முட்டையா? அல்லது இவ்விரண்டையும் சேர்த்தே ஈன்ற மூன்றாவது காரணம் ஒன்று உண்டா? பிறப்பிலேயே சிலருக்கு இரு நோய்களுக்கும் இடங்கொடுக்கும் உடல்வாகு அமைந்துவிடுகிறதா? இல்லை, வறுமையும் வீட்டுச் சூழலும் இரண்டையும் சேர்த்தே கொண்டுவருகின்றனவா? ஆயிரம் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணினாலும் இதற்கு விடை கிடைக்காது. மரபும் வளர்ப்பும் ஒவ்வொருவரிடமும் கலந்தே கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க இறைவன் படைப்பிலேயே ஒரு வழி இருக்கிறது. அதுதான் இரட்டைப் பிள்ளைகள்.

ஏலத்தோட்டம் கற்பிக்கும் பாடம்

எங்கள் ராசிங்காபுரத்தைச் சுற்றியுள்ளோர்க்கு இதை விளக்குவது எளிது. இங்கிருந்து போடிமெட்டு ஏறிப் போனால் ஏலத்தோட்டங்கள். ஏலத்தை இரு வகையாகப் பெருக்குவார்கள். நன்கு காய்க்கும் ஒரு தூரைப் பிரித்து, அதன் கன்றுகளை நடுவது ஒரு வகை. அக்கன்றுகள் அனைத்தும் தாய்த்தூரின் மறுபதிப்புகள். காயிலுள்ள விதைகளை நாற்றாக்கி நடுவது மற்றொரு வகை. ஒரே காயின் விதைகளாயினும் அந்த நாற்றுகள் உடன்பிறப்புகளைப் போன்றவை. ஒற்றுமை உண்டு, வேற்றுமையும் உண்டு.

இரட்டைப் பிள்ளைகளும் இப்படியே இரு வகையினர். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறப்போர், தூர் பிரித்து நட்ட கன்றுகளைப் போல் ஏறத்தாழ முழுமையாக ஒரே மரபணுக்களைக் கொண்டவர்கள். இரு தனிக் கருக்களாய் ஒரே வயிற்றில் வளர்ந்தோர், சராசரியாகப் பாதி மரபணுக்களையே பகிர்ந்துகொள்கிறார்கள். ஆனால் இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே வயதில், ஒரே தாயின் கைச்சோறு உண்டு வளர்கிறார்கள்.

இனிக் கணக்கு எளிது. ஒரு நோய் ஒரு கரு இரட்டையர் இருவரிடமும் சேர்ந்து காணப்படுவது, இரு கரு இரட்டையரைவிட மிகுதியாக இருந்தால், அங்கே மரபின் கை இருக்கிறது. இரு வகையினரிடமும் ஒற்றுமை ஒரே அளவில் இருந்தால், அது வீட்டுச் சூழலின் வேலை. ஒரே மரபணு உடைய இருவருள் ஒருவர் நோயுற்று மற்றவர் நலமாக இருந்தால், அவரவர் தனி வாழ்வில் நேர்ந்தவையே காரணம். ஒரே தூரின் கன்றாயினும், நிழல் விழும் சரிவில் நட்டது ஒரு விதமாகவும் வெயில் காயும் சரிவில் நட்டது வேறு விதமாகவும் வளர்வதை நாம் காண்கிறோம் அல்லவா?

இதைவிட நுட்பமான ஒப்பீடும் உண்டு. இரட்டைச் சகோதரிகளுள் மூத்தவளின் மனச்சோர்வையும் இளையவளின் இரத்தச் சர்க்கரையையும் சேர்த்து நோக்குவது. ஒருத்தியின் மனநிலை மற்றொருத்தியின் சர்க்கரையை முன்னறிவிக்குமானால், அந்தத் தொடர்பு ஒரு கரு இரட்டையரிடம் மட்டும் வலுவாக இருக்குமானால், இரு நோய்களுக்கும் பொதுவான மரபு வேர் ஒன்று உண்டு என்று கொள்ளலாம். கோழியும் முட்டையும் என்ற வழக்கு அப்போது ஓரளவு தீர்கிறது.

கொழும்பில் நடந்தது

இரட்டையர் என்றதும் மலைக்கு அப்பால் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்திலுள்ள கொடிஞ்ஞி கிராமம் பலருக்கு நினைவு வரும். இருநூறுக்கும் மேற்பட்ட இரட்டையர் சோடிகளால் பெயர் பெற்ற ஊர் அது. அங்கே ஏன் இத்தனை இரட்டையர் என்பதே ஆய்வாளர்களின் கேள்வி. ஆனால் இரட்டையரைக் கொண்டு மனத்தையும் உடலையும் ஆராய்ந்த பெரும்பணி கடலுக்கு அப்பால், கொழும்பில் நடைபெற்றது.

மனநல மருத்துவர் அதுல சுமதிபாலவின் தலைமையில் இலங்கை ஆய்வாளர்களும் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்களும் இணைந்து, 'கொழும்பு இரட்டையர் மற்றும் ஒற்றையர் ஆய்வு' என்னும் பணியைத் தொடங்கினர். உடலில் காரணம் காண முடியாத வலிகளோடு மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்ப வருவோரைப் பற்றி முன்பே ஆராய்ந்தவர் சுமதிபால. இரட்டையரைத் தேடிப் பிடிக்க அவர்கள் கையாண்ட வழி பாராட்டுக்குரியது. வாக்காளர் பட்டியலைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் வீடு வீடாகச் செல்லும் அலுவலர்கள் வழியாகவே, "இவ்வீட்டில் இரட்டையர் உண்டா?" என்ற கேள்வியையும் கொழும்பு மாவட்டம் முழுவதும் கேட்கச் செய்தனர். 2005 முதல் 2007 வரை நடந்த முதற்சுற்றில் ஏறத்தாழ 4,000 இரட்டையரும் 2,000 ஒற்றையரும் நேரில் சந்திக்கப்பட்டனர்.

ஒற்றையர் எதற்கு என்று கேட்கலாம். இரட்டைக் குழந்தைகள் பெரும்பாலும் எடை குறைந்தே பிறக்கின்றன. எடை குறைந்து பிறப்போருக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு கூடும் என்பது தனியே அறியப்பட்ட செய்தி. ஆகவே இரட்டையரிடம் கண்டது ஊர் மக்கள் அனைவருக்கும் பொருந்துமா என்று சரிபார்க்க ஒற்றையரும் வேண்டியிருந்தனர்.

முதற்சுற்று மனத்தைப் பற்றியது. வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வு நோய்க்கு ஆளானோர் 6.6 விழுக்காட்டினர் எனக் கண்டனர். "அன்றாட வேலை கெட்டிருக்க வேண்டும்" என்ற நிபந்தனையை நீக்கிவிட்டுக் கணக்கிட்டபோது அது 11.2 ஆக உயர்ந்தது. இந்த இடைவெளியைக் கவனியுங்கள், சகோதரிகளே! நோயைச் சுமந்துகொண்டே அடுப்பைப் பற்றவைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருப்போர் அந்த இடைவெளிக்குள் இருக்கிறார்கள். வேலை நடக்கிறது, எனவே வீட்டார் கண்ணுக்கு நோய் தெரிவதில்லை.

இரண்டாம் சுற்று 2012 முதல் 2015 வரை. முதற்சுற்றில் சந்தித்தவர்களையே தேடிச் சென்றனர். ஏறத்தாழ 4,000 பேர் மீண்டும் பங்கேற்றனர். இம்முறை மனத்தோடு உடலும் அளக்கப்பட்டது. எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், இரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு ஆகியவை பதிவாயின. பெண்களுள் பாதிக்குச் சற்றுக் குறைவானோரிடமும் ஆண்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரிடமும் 'வளர்சிதை மாற்றக் கோளாறு' இருந்தது.

அது என்ன கோளாறு? உண்ட உணவை உடல் எரிபொருளாக்கிச் செலவிடும் முறை பிசகிப்போவது. ஐந்து அறிகுறிகளுள் மூன்று இருந்தால் அது உண்டெனக் கொள்வர். இடுப்புச் சுற்றளவு நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எட்டுவது. இரத்த அழுத்தம் 130க்கு 85 என்ற அளவை எட்டுவது. வெறும் வயிற்றில் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல் இருப்பது. டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு 150 அல்லது அதற்கு மேல் இருப்பது. நல்ல கொழுப்பு ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழே இறங்குவது. ஏற்கனவே மருந்துண்போரும் இக்கணக்கில் அடங்குவர். ஒருவரிடமே மனத்தையும் இவற்றையும் சேர்த்து அளந்து, அவருடைய இரட்டையரிடமும் அவ்வாறே அளந்து வைத்ததுதான் கொழும்பு ஆய்வின் தனிச்சிறப்பு. இரட்டையர் ஆய்வென்றால் வெள்ளையர் நாடுகள்தாம் என்றிருந்த நிலையில், நம்மைப் போன்றே சோறும் தேங்காயும் உண்ணும் மக்களிடம் இக்கேள்வி கேட்கப்பட்டது.

மரபு என்பது விதியன்று

ஸ்வீடன், டென்மார்க் நாடுகளின் இரட்டையர் பதிவேடுகளைக் கொண்டு, நீரிழிவையும் மனச்சோர்வையும் சேர்த்து நோக்கிய ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஸ்வீடனில் பெண்களிடமும், டென்மார்க்கில் ஆண்களிடமும் இரு நோய்களுக்கும் பொதுவான மரபுப் பங்கு தெளிவாகத் தெரிந்தது. அப்பங்கு மிதமான அளவினதே. ஆக, மூன்றாவது காரணம் என்று நாம் ஐயுற்றது ஓரளவு உண்மைதான். சிலர் பிறக்கும்போதே இரு நோய்களுக்கும் சற்று இடந்தரும் உடலோடு பிறக்கிறார்கள்.

"அப்படியானால் எல்லாம் தலைவிதி, மருந்து எதற்கு?" என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து 2000ஆம் ஆண்டில் கணித்தபோது, மனச்சோர்வில் மரபின் பங்கு 37 விழுக்காடு என்று வந்தது. மக்களிடையே காணப்படும் வேறுபாட்டில் மரபு விளக்கும் அளவு அது. ஒரு தனி மனிதரின் நோயைப் பங்கு போட்டுக் காட்டும் எண் அன்று. எஞ்சிய பெரும்பகுதிக்கு அவரவர் வாழ்க்கையே காரணம். கடன், நோய், துணையை இழத்தல், உறக்கமின்மை, தனிமை என்று அது விரியும். ஒரே தூரின் கன்று ஒன்று வாடியிருக்கக் கண்டால் நாம் விதியென்று விட்டுவிடுவதில்லை. தண்ணீர் பாய்கிறதா என்று பார்க்கிறோம்.

மனச்சோர்வு சர்க்கரையை எப்படி ஏற்றுகிறது? நெடுநாள் மனத்துயரில் உடல் 'கார்ட்டிசால்' என்னும் சுரப்பு நீரைக் கூடுதலாகச் சுரக்கிறது. ஆபத்து வேளையில் ஓடவும் போராடவும் வேண்டிய சர்க்கரையை இரத்தத்தில் ஏற்றுவது அதன் வேலை. ஆபத்து தீராமல் மாதக் கணக்கில் நீடித்தால் சர்க்கரையும் இறங்குவதில்லை. இன்சுலினின் சொல்லை உடல் கேட்காமற் போகிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. மேலும், சோர்ந்த மனிதர் நடப்பதில்லை, நேரத்துக்கு உண்பதில்லை, மாத்திரையை மறந்துவிடுகிறார். மறுபக்கம், சர்க்கரை நோயாளிக்கு நாள்தோறும் ஊசி, மாத்திரை, பத்தியம், கண்ணும் சிறுநீரகமும் கெட்டுவிடுமோ என்ற அச்சம். இவையே மனத்தை அரிக்கின்றன. சக்கரம் இரு பக்கமும் சுழல்கிறது.

நம்மூர் நிலை

இது எங்கோ நடக்கும் கதையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேல். சென்னையில் 25,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வின் அறிகுறிகள் 15.1 விழுக்காட்டினரிடம் காணப்பட்டன. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே மனிதரிடம் சந்திப்பதில் வியப்பென்ன?

எங்கள் பகுதியில் விடியுமுன் ஜீப் ஏறித் தோட்டத்துக்குப் போவோர் மலைச்சரிவில் நாள் முழுவதும் நடந்துழைக்கிறார்கள். வயதாகி மலை ஏற முடியாமற் போனதும் அந்த நடை திடீரென்று நின்றுவிடுகிறது. சாப்பாடு மட்டும் அப்படியே தொடர்கிறது. வருமானமும் போய், கூடப் பேசி நடந்த கூட்டமும் போய், திண்ணையில் தனித்து அமரும் அந்தக் காலமே உடலுக்கும் மனத்துக்கும் சேர்ந்து இடர் வரும் காலம். போடியில் நாள் முழுவதும் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்களுக்கோ தொடக்கம் முதலே நடையில்லை. நம் பெண்கள் "மனம் சரியில்லை" என்று சொல்வதும் அரிது. "உடம்பெல்லாம் வலி, கைகால் எரிச்சல், நெஞ்சு படபடப்பு" என்றே சொல்வார்கள். வலி மாத்திரையோடு வீடு திரும்புவார்கள்.

இரண்டையும் சேர்த்து மருத்துவம் செய்தால் பலன் உண்டா? உண்டு என்பதற்குச் சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் ஆகிய நான்கு நகரங்களின் நீரிழிவு மருத்துவமனைகளில் நடந்து 2020இல் வெளிவந்த ஆய்வு சான்று. இரு நோயும் உடைய 404 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவம். மற்றப் பிரிவினருக்கு மருத்துவர்களோடு ஒரு பராமரிப்பு உதவியாளரும் இருந்தார். அவர் அடிக்கடி பேசுவார், மனநிலையைக் கேட்பார், மருந்து முறையாக உண்கிறார்களா என்று பார்ப்பார், மருத்துவரிடம் எடுத்துச் சொல்வார். இரண்டாண்டு முடிவில் மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, அதோடு சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றுள் ஒன்றேனும் சீரடைந்தோர் இப்பிரிவில் 71.6 விழுக்காடு, வழக்கமான மருத்துவத்தில் 57.4 விழுக்காடு. அந்த உதவியாளர் செய்ததில் பெரும்பகுதி, அக்கறையோடு விசாரித்ததுதான். அது நம் குடும்பத்தாரால் முடியாத காரியமா?

நாம் செய்ய வேண்டியது

வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் இரண்டு செய்திகளை விசாரியுங்கள். கடந்த இரண்டு வாரங்களில் பெரும்பாலான நாட்கள் மனம் தாழ்ந்து கிடந்ததா? முன்பு விரும்பிச் செய்தவற்றில் ஈடுபாடு அற்றுப்போயிற்றா? இரண்டில் ஒன்றுக்கேனும் "ஆம்" என்றால் அடுத்த முறை சர்க்கரைக்காகப் போகும்போது மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு மருந்துண்போரும் எடை, இடுப்பு, சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டும். அதற்காக மருந்தைத் தாமே நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். பெற்றோருக்கு இவ்விரண்டும் இருந்தால் பிள்ளைகள் அஞ்ச வேண்டியதில்லை. மற்றவர்களைவிடச் சற்று முன்னதாகவே பரிசோதித்துக்கொள்ளட்டும்.

நாள்தோறும் அரைமணி நேர நடை இரு நோய்க்கும் பொது மருந்து. ஐவேளைத் தொழுகைக்கு அத்தாவைப் பள்ளிவாசலுக்கு மெல்ல நடத்தி அழைத்துச் செல்லுங்கள். நடையும் கிடைக்கும், நாலு பேர் முகமும் கிடைக்கும். வாழ்வதில் பயனில்லை என்பதுபோல் யாரேனும் பேசினால் அதைக் கோபித்து அடக்காதீர்கள், தனியே விடாதீர்கள், உடனே மருத்துவ உதவி நாடுங்கள். 2022இல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துக் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். ஜமாஅத்தார் சர்க்கரைப் பரிசோதனை முகாம் நடத்தும்போது, மேற்சொன்ன இரு கேள்விகளையும் கேட்க ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் அமர்த்தினால் செலவேதும் கூடாது.

இறுதியாக, ஈமானைப் பற்றிப் பேசுவோருக்கு ஒரு வார்த்தை. மகனைப் பிரிந்த துயரத்தால் நபி யஅகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின என்று சூரா யூசுஃபில் ஓதுகிறோம். அன்னை கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றில் 'துயர ஆண்டு' என்றே பெயர் பெற்றது. நபிமார்களுக்கே துயரம் வந்தது. அது அவர்களின் உடலையும் தொட்டது. அவர்களின் ஈமானை அளக்க நாம் யார்? அவ்வாறிருக்க, நம் வீட்டு மூலையில் சோர்ந்து அமர்ந்திருக்கும் ஒரு தாயின் ஈமானை மட்டும் அளந்து தீர்ப்புச் சொல்லும் உரிமையை நமக்குத் தந்தது யார்?

தண்ணீர் ஓதிக் கேட்டு வருவோருக்கு நான் ஓதியே தருகிறேன். மருத்துவரிடம் போகும் நாளையும் குறித்தே அனுப்புகிறேன். இம்மாதம் இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் தம் வீட்டில் சர்க்கரை மாத்திரை உண்ணும் ஒருவர் அருகில் சென்று அமர்ந்து, "சர்க்கரை எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்ட பிறகு, "மனம் எப்படி இருக்கிறது?" என்றும் கேளுங்கள். பதில் வரும்வரை பொறுமையாக இருங்கள். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல் நலத்தையும் உள்ள அமைதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.